மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாமா?

கேள்வி: மூன்று வருடமாகத் தைராக்ஸின் சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் நார்மல்தான், ஆனால் அசதி போகவில்லை. டி3 சேர்த்துத் தரும்படி டாக்டரிடம் கேட்டால் தவறாக நினைப்பாரா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தயங்காமல் கேளுங்கள் சகோதரி. டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் சிலருக்கு அசதி நீடிப்பது உண்மை. அது உங்கள் கற்பனை அல்ல.

நீங்கள் சாப்பிடும் தைராக்ஸின்தான் டி4 என்ற தைராய்டு ஹார்மோன். உடம்பு அதைத் தேவைக்கேற்ப டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: மாத்திரை போட்ட கையோடு காபி குடிக்கிறீர்களா? நம் வீடுகளில் இது சகஜம். காபி மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கக் கோளாறு ஆகியவற்றாலும் இதே அசதி வரும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், "சில மாதம் டி3 சேர்த்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள். டி3 வேகமாக வேலை செய்யும், படபடப்பு வரலாம். இதய நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்போது டி3 பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். அளவை மாற்றினால், 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் பலன் சரியாகத் தெரியும்.