குளிர்ச்சி அறைக்கு எத்தனை டன் யந்திரம் வேண்டும்?

விதை உருளைக்கிழங்கைச் சேமித்து வைக்கக் குளிர்ச்சி அறை கட்ட விரும்பும் மிராசுதார்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முதலில் கேட்பது, "100 டன் கிழங்குக்கு எவ்வளவு பெரிய யந்திரம் வேண்டும்?" என்பதே. இக்கேள்வியிலேயே பிழை உள்ளது. யந்திரத்தின் அளவைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அறையின் கொள்ளளவன்று. நாளொன்றுக்கு உள்ளே செல்லும் கிழங்கும், அது தன்னுடன் கொண்டுவரும் உஷ்ணமுமேயாம்.

குளிர்ச்சி யந்திரத்தின் சக்தியையும் டன் கணக்கில் கூறுவது வழக்கம். இது எடையன்று. 2,000 இராத்தல், அதாவது 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கக்கூடிய உஷ்ணத்தை அகற்றும் சக்தியே ஒரு டன். நாளொன்றுக்குச் சுமார் 72,600 கிலோகலோரி.

மேட்டுப்பாளையம் போன்ற சமவெளியூரில் 100 மெட்ரிக் டன் கொள்ளும் அறையொன்றை உதாரணமாகக் கொள்வோம். நாள்தோறும் 10 டன் வீதம் பத்து நாளில் அதை நிரப்புவதாகவும், 24 டிகிரி உஷ்ணமுள்ள கிழங்கை ஒரே நாளில் 4 டிகிரிக்குக் குளிர்விப்பதாகவும் வைத்துக்கொள்க. ஒரு கிலோ கிழங்கை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 0.85 கிலோகலோரியை அகற்ற வேண்டும். ஆகவே, 10,000 × 0.85 × 20 = 1,70,000 கிலோகலோரி; இதற்கு 2.3 டன் சக்தி வேண்டும். வெளியே 34 டிகிரி உள்ளபோது, 10 சென்டிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் தடுப்புக் கொண்ட சுவர், கூரை, தளம் வழியாக வருவது முக்கால் டன். உயிருள்ள பொருளாதலால் கிழங்கும் சுவாசித்து உஷ்ணம் விடும். அது அரை டன். கதவு, ஆட்கள், விளக்கு, விசிறி ஆகியவற்றுக்கு முக்கால் டன் ஒதுக்கலாம். மொத்தம் 4.3 டன். யந்திரம் நாளில் 18 மணி நேரமே ஓடுமெனக் கொண்டால் 6 டன் தேவையாகிறது.

அதே அறையை நான்கு நாளில் நிரப்ப முற்பட்டாலோ 10 டன்னுக்கு மேல் வேண்டும். அறுவடை அவசரத்தில் வண்டிகள் வாசலில் நிற்க, எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிடுவதுதான் அநேகர் செய்யும் தவறு. அப்பொழுது யந்திரம் இரவு பகலாக ஓடியும் அறை குளிராது. கிழங்கு வியர்த்து அழுகும். வருஷ விதை முழுவதும் போன பின் யந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை.

"அப்படியாயின் பெரிய யந்திரமே வாங்கிவிடலாமே" எனின், அதுவும் தகாது. அறை நிரம்பிக் குளிர்ந்த பின் தேவை இரண்டு டன்னளவே. பெரிய யந்திரம் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும்; உஷ்ணம் ஏறியிறங்கும். குளிர்ச்சிக் குழாய்களின் பரப்பு போதாவிடில் அவை மிகவும் குளிர்ந்து காற்றின் ஈரத்தைக் கவர்ந்துகொள்ள, கிழங்கு சுருங்கி எடை குறையும். காற்றின் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையலாகாது. ஆதலின் 3 டன் யந்திரங்கள் இரண்டு வைப்பதே உத்தமம். நிரப்பும் நாட்களில் இரண்டும் ஓடும். பின்னர் ஒன்றே போதும், மற்றது பழுதுக்கு உதவும்.

செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. காயம் ஆறிய கிழங்கை இரவுக் குளிர்காற்றில் ஆறவிட்டு, விடியற்காலையில் 19 டிகிரியில் உள்ளே ஏற்றினால் கிழங்கின் உஷ்ணச் சுமையில் கால்பங்கு குறையும். தடுப்பில்லாத ஒன்பது அங்குலச் செங்கற்சுவரோ தடுப்புள்ளதைப்போல் சுமார் எட்டு மடங்கு உஷ்ணத்தை உள்ளே விடுமாதலால், தடுப்பில் சிக்கனம் பார்ப்பவர் அப்பணத்தை மாதந்தோறும் மின்சாரக் கட்டணமாகச் செலுத்த நேரும். விற்பனையாளரிடம் ஒப்பந்தம் எழுதுமுன் நாளொன்றுக்கு ஏற்றும் எடை, ஏற்றும்போதுள்ள உஷ்ணம், தடுப்பின் கனம் ஆகிய மூன்றையும் அதில் குறிப்பிடச் செய்க.