மோட்டார் இல்லாமல் மேலேறும் வெந்நீர்

மார்கழிக் குளிரில் சுப்ஹு தொழுகைக்கு ஒளுச் செய்யும் பெரியவர்களுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் வெந்நீர் அவசியம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைக்க நினைக்கும் குடும்பங்களுக்காக, அது வேலை செய்யும் விதத்தை இங்கே விளக்குகிறோம்.

தண்ணீர் சூடானால் லேசாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் சுமார் 997 கிராம். 60 டிகிரியில் சுமார் 983 கிராம். இந்த 14 கிராம் வித்தியாசமே மோட்டாரின் வேலையைச் செய்கிறது. தகட்டுக் குழாய்களில் வெயிலால் சூடான நீர் மேலேறித் தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கனத்தால் இறங்கித் தகட்டுக்கு வருகிறது. வெயில் உள்ளவரை இந்தச் சுழற்சி நடக்கும்.

1909-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், சூடு வெளியேறாதபடி உறையிட்ட தொட்டியைத் தகட்டுக்கு மேலே தனியாக வைத்தார். பகலில் சூடான நீர் மறுநாள் காலையிலும் கிடைத்ததால் அதற்குப் 'பகலும் இரவும்' என்றே பெயர்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

• தகடு தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும்.

• தொட்டியின் அடிப்பாகம் தகட்டின் மேல்விளிம்பைவிடச் சுமார் ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் இரவில் சுழற்சி தலைகீழாகி நீர் ஆறிவிடும்.

• வெந்நீர்க் குழாய் மேல்நோக்கியே செல்ல வேண்டும். இடையில் மேடு பள்ளம் இருந்தால் காற்று அடைத்துக்கொள்ளும்.

• சங்ககிரி சுண்ணாம்புக்கல் பூமி. போர்த் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் அடைபடும். ஆண்டுதோறும் சுத்தம் செய்யுங்கள்.

100 லிட்டர் நீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்கச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். சரியாகப் பொருத்தினால், வெயிலுள்ள நாளெல்லாம் அது நமக்கு மிச்சம், இன்ஷா அல்லாஹ்.