சின்னக் கமரா அடம்பிடித்தால்

அலுமாரிக்குள் கிடந்த சின்னக் கமராவை நல்லூர்த் திருவிழாவுக்கோ வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்கோ வெளியே எடுக்கும்போதுதான் அது வேலை செய்யாதது தெரியவரும். மணல், உப்புக்காற்று, ஈரம், கிழப்பற்றரி: யாழ்ப்பாணத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இந்த நான்கும்தான். கடைக்குக் கொண்டு ஓடுமுன் கீழுள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் பற்றரி. அதைக் கழற்றி, அதிலும் கமராவிலும் உள்ள உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிறகு பற்றரியை மேசையில் வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரம்போலச் சுழன்றால் வீங்கிவிட்டது. இனிப் பாவிக்கக் கூடாது. கனடாவிலிருந்து வந்த உறவினர் தந்த சார்ஜர் என்றால் அதன் முதுகை வாசித்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். 120 மட்டும் என்றால் கருகிவிடும்.

அடுத்தது மெமரி காட். 'பூட்டப்பட்டுள்ளது' என்று திரையில் வந்தால், காட்டின் பக்கத்தில் உள்ள சிறு தாழ்ப்பாள் கீழே இறங்கியிருக்கும், மேலே தள்ளுங்கள். புதுக் காட்டைப் பழைய கமரா ஏற்காவிட்டால் காட்டில் பிழை இல்லை. தொடக்ககாலக் கமராக்கள் 2 ஜிபிக்கு மேல் வாசிக்கமாட்டா. அடுத்து வந்தவற்றுக்கு 32 ஜிபி எல்லை. படங்கள் இருக்கும் காட் 'எரர்' காட்டினால் ஃபோர்மற் செய்யாதீர்கள், புதிதாக ஒரு படமும் எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கணினியில் மீட்டுப் பார்க்கலாம்.

லென்ஸ் பாதி நீண்டு நின்றுவிடுவதுதான் பெரிய தலையிடி. மணற்காடு, கசூரினாக் கடற்கரை என்று போய்வந்த கமரா என்றால், வளையங்களுக்கிடையில் ஒரு மணல் சிக்கியிருக்கக்கூடும். பற்றரியைக் கழற்றுங்கள். லென்ஸை நிலம் பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதியால் இடுக்கைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போய்விடும். மெல்லிய புதுத் தூரிகையால் மணலைத் தட்டிவிட்டு, பற்றரியைத் திரும்பப் போட்டுக் கவிழ்த்தபடியே இயக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரலாம். கையால் இழுக்கவோ எண்ணெய் விடவோ வேண்டாம். உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் சிறியவை, பிளாஸ்டிக்கால் ஆனவை. எண்ணெயோ அடுத்த மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரவுப் படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதக்கின்றனவா? ஆவியுமில்லை, அருளுமில்லை. நல்லூர் வீதியில் சனம் கிளப்பும் புழுதியில் பிளாஷ் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை தெரிந்தால் கதை வேறு: தூசி உள்ளே போய்விட்டது. லென்ஸுக்குள் சிலந்திவலைபோல நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். இவை இரண்டையும் வீட்டில் துடைக்க முடியாது.

மாரி காலத்தில் கமராவைத் தோலுறைக்குள் வைக்காமல், இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். நனைந்த கமராவை அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசித்தூள் லென்ஸ் இடுக்கில் ஏறும்.

இவ்வளவுக்கும் சரிவராவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள். கூலி பழைய கமராவின் விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். திருகாணியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். பற்றரியை எடுத்த பிறகும் பிளாஷின் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.