பொதிகைப் புல்வெளியில் ஓர் அரிய பூச்செடி

திருநெல்வேலிச் சீமையில் பொதிகை மலையை அறியாத உழவர் இலர். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் பாசனமும், அம்மலைத் தொடரில் பெய்யும் மழையையே நம்பியிருக்கிறது. அதன் உயர்ந்த சரிவுகளில், சோலைக்கும் பாறைக்கும் இடையே புல்வெளிகள் உள்ளன. அங்கு வளரும் ஓர் அரிய செடியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

செடியின் இயல்பு

ஆர்க்கிட் குடும்பத்துச் செடிகளுள் பல, மரக்கிளைகளைப் பற்றி வளர்வன. இதுவோ தரையில் வேரூன்றுவது. தாவர நூலார் இதனைப் பாபியோபெடிலம் துருரி என்பர். கடல் மட்டத்திற்குச் சுமார் 1,400 மீட்டருக்கு மேல், வெயில் படும் பாறைச் சரிவுகளில், புற்களின் நடுவே இது காணப்படும். இஞ்சியைப் போல் தரையோடு படரும் தண்டிலிருந்து இலைகள் எழும். காம்பொன்றுக்கு ஒரு மலர். மஞ்சள் நிறமான இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். கீழிதழ் பாதணியின் முன்பகுதி போலக் குழிந்திருக்கும். இவ்வினப் பூக்களின் குழியில் விழும் பூச்சி, வந்த வழியே ஏற இயலாமல் பின்புறத்து இடுக்கு வழியாக வெளியேறும். அப்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டி, அடுத்த பூவிற்குச் செல்லும்.

படைத்துறை அதிகாரியான ஹீபர் துருரி என்பார் 1865-இல் இதனைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறையின் தலைவராயிருந்த பெட்டோம் 1874-இல் இதனை விவரித்து, துருரியின் பெயரையே சூட்டினார். இந்தியாவில் இதன் உறவினச் செடிகள் வடகிழக்கு மலைகளில் உள்ளன. தென்னாட்டில் இஃது ஒன்றே உண்டு. அகத்தியமலைப் பகுதியன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. அழகுக்காகப் பலர் பெயர்த்துச் சென்றமையால் அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, 1970-களில் மீண்டும் காணப்பட்டது. இன்றும் அழிவின் விளிம்பிலேயே உள்ளது.

ஏன் எளிதில் பெருகுவதில்லை?

நெல்மணியினுள் முளைக்கு வேண்டிய உணவு இருக்கிறது. ஆர்க்கிட் விதையோ தூசி போன்றது. அதில் சேமித்த உணவு இல்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் உணவூட்டினாலன்றி அது முளைக்காது. முளைத்த செடியும் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆதலின் ஒரு செடியைப் பெயர்த்தால், அதன் பல்லாண்டு வளர்ச்சியும், அது தரக்கூடிய விதைகளும் ஒருங்கே போய்விடும்.

தீயும் ஒரு பகை. பனிக்காலம் கழிந்து கோடை தொடங்கும் வேளையில் இச்செடி பூக்கிறது. புல் காய்ந்து தீப்பற்றுவதும் அதே வேளையில்தான். பூவும் காயும் கருகினால் அவ்வாண்டு விதையில்லை. புல்லின் வேர்கள் மழைநீரின் வேகத்தைத் தடுத்து மண்ணைக் காக்கின்றன. நீர் மண்ணில் ஊறிப் பின்னர் ஓடைகளில் கசிந்து வருகிறது. ஆகவே எரியும் புல்வெளி, செடிக்கு மட்டுமன்றி வாய்க்காலுக்கும் இழப்பாகும். மரமில்லாமையால் அதனைத் தரிசு என்று எண்ணுதல் தவறு.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் (1972) 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் செடிகளையும் சேர்த்தது. இச்செடியைக் காட்டிலிருந்து பறிப்பதும் விற்பதும் குற்றம் என்பதைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

2. செடி கேட்டு வரும் வெளியூராருக்கு வழிகாட்டலாகாது. வனத்துறையினருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

3. மலையடிவார ஊர்களில், கோடை தொடங்குமுன் தீயின் தீமையை மேய்ப்போருக்கும் மலைக்குச் செல்வோருக்கும் விளக்குதல் வேண்டும். புகை கண்டால் வனக்காவலருக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும்.

4. உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி (2002) ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். மழைக்குப்பின் ஊர்ப் புறம்போக்கில் பூக்கும் தரைச் செடிகளையும் புல்வகைகளையும் அக்குழுவின் பதிவேட்டில் எழுதலாம். ஆனால் அரிய செடி நிற்கும் இடத்தை யாவரும் காணும்படி குறித்தல் கூடாது. அக்குறிப்பே களவுக்கு வழிகாட்டிவிடும்.

இச்செடியைப் பலர் நேரில் காணப் போவதில்லை. காண வேண்டிய தேவையுமில்லை. அது நிற்கும் புல்வெளி எரியாமலும் பெயர்க்கப்படாமலும் இருந்தால், அதன் பயன் ஆற்றுநீராக நம் வயலுக்கே வந்து சேரும்.