விமானி எவருடன் பேசுவார்?

வானிற் பறக்கும் விமானி, தமக்குக் கீழேயுள்ள நாட்டு நிலையத்துடனேயே பேசுவார் என மாணவர் பலர் எண்ணுவர். அஃது எப்போதும் சரியன்று.

பெரிய விமான நிலையமொன்றில், விமானம் நின்ற இடத்தினின்றும் ஓடுபாதை வரை அதனை நடத்துவது தரைக் கட்டுப்பாடு. ஓடுபாதையும் அதனை அண்டிய வானும் கோபுரத்தின் பொறுப்பு. (கோபுரமென்றதும் நம்மவர் கோயிலையே நினைப்பர், இஃது உச்சியிற் கண்ணாடி அறை கொண்ட கட்டடம்.) மேலெழுந்தபின் அணுகுமுகக் கட்டுப்பாடும், உயரத்திற் பிரதேச நிலையமும் பொறுப்பேற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வானொலி அதிர்வெண் உண்டு. ‘மாறுக’ எனப் பணிக்கப்படும் வரை விமானி முன்னைய அதிர்வெண்ணை விட்டு நீங்கார்.

நிலத்தின் எல்லை வேறு. வானத்துப் பொறுப்பின் எல்லை வேறு. 2002 யூலை 1ஆம் நாள் இரவு, ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே எதிர்ப்பட்ட இரு விமானங்களும் சுவிற்சர்லாந்தின் சூரிச் நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தன. அவ்வான் அந்நிலையத்தின் பொறுப்பிலிருந்தது. ஆங்கு ஒருவரே இருவர் பணியைச் செய்தார். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நிலையத்தார் ஆபத்தைத் திரையிற் கண்டனர். ஆயின் விமானிகள் அவர்களது அதிர்வெண்ணில் இலர். சூரிச்சைத் தொலைபேசியில் அழைத்தனர். பராமரிப்பு வேலையினால் பிரதான இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. சூரிச் பணித்ததும், மோதல் தவிர்க்குங் கருவி பணித்ததும் தம்முள் முரணின. 71 பேர் மாண்டனர். அவருட் பலர் சிறுவர்.

இடருற்ற விமானி, தாம் பேசிக்கொண்டிருந்த அதிர்வெண்ணிலேயே முதலில் அழைப்பார். மறுமொழி இல்லையாயின், அல்லது எவரை அழைப்பதென்றே தெரியாதாயின், உலகெங்கும் பொதுவாயுள்ள 121.5 மெகாஹேட்ஸில் அழைப்பார்.