மேசையை விட்டு இறங்கியவள்

தாளவாடிப் பக்கத்து மலைக்கிராமத்துச் சோளகப் பெண் அவள். தலைப்பிரசவம். பிரசவ மேசையில் படுக்கவைத்தால் இறங்கிவிடுவாள். இறங்கித் தரையில் குந்திக்கொள்வாள். நான்கு முறை தூக்கி மேசைமேல் போட்டோம். தூக்கிய கைகளில் இரண்டு என்னுடையவை. அதட்டிய குரல்களில் ஒன்றும் என்னுடையதுதான். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளையை அவள் வீட்டிலேயே பெற்றாள். நஞ்சுக்கொடி இறங்காமல், வெளுத்துப்போன முகத்தோடு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "மொதல்லயே வந்திருக்கலாமில்ல கண்ணு?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மேசையைப் பார்த்தாள்.

முப்பது வருடச் செவிலியர் வேலையில் என்னை விட்டுப் போகாத பார்வை அது. ஓய்வுபெற்ற பிறகு கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலைக்கு நான் கிளம்பியதற்கு அதுவே காரணம்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாகப் போக வேண்டும். நம் பக்கம் சோளகர் என்கிறோம். எல்லை தாண்டினால் அதே மக்கள் சோலிகர். அவர்களுக்காக அந்த மலையில் டாக்டர் எச். சுதர்சன் 1981இல் தொடங்கியது விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம். நவீன மருத்துவத்தோடு, சோலிகரின் மூலிகை அறிவையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்ட இடம். 1994இல் அவருக்கும் கேந்திரத்துக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சோலிகப் பெண்கள் குந்தியிருந்து பிள்ளை பெறுவதைப் பார்த்து, அதைத் தடுப்பதற்குப் பதிலாக அதிலிருந்து கற்றுக்கொண்ட மருத்துவர் அவர். இதை முன்பே படித்திருந்தேன். ஆனாலும் அந்த மலையில் நின்றபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

போகும்முன், டாக்டர் மாத்திரை கொடுப்பார், பக்கத்திலேயே வைத்தியர் வேர் கொடுப்பார், அதுதான் கலப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி மருந்தோடு மருந்தைக் கலப்பது ஆபத்து. கலக்க வேண்டியது பேச்சு.

அங்கே பிள்ளைப்பேறு பார்த்துவந்த ஓர் அஜ்ஜியோடு, அதாவது பாட்டியோடு, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் பேசிய கன்னடத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் குந்துவதற்கு அவர் சொன்ன சொல் நம் கொங்குச் சொல்லுக்கு ஒட்டியே இருந்தது. கயிற்றைப் பிடித்துக் குந்தும்போது இடுப்பு எப்படி விரிகிறது என்று என் முழங்காலில் கைவைத்துக் காட்டினார். நான் உடற்கூறு பாடத்தில் படித்ததையே அவர் விரல்கள் சொல்லின. விரும்பிய நிலையில் பெண் பிள்ளை பெறலாம், நிமிர்ந்த நிலையும் அதில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்துவிட்டது. நாங்கள் தூக்கிப் போட்ட காலத்தில் அந்தப் பரிந்துரை இல்லை. ஆனால் அவள் இருந்தாள், நான்கு முறை சொன்னாள்.

இளைய செவிலியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குந்திப் பெறவிட்டால் உதிரம் சற்றுக் கூடுதலாகப் போகலாம். ஆக்சிடோசின் ஊசியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சுத்தமான விரிப்பு போடுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கேளுங்கள். சிக்கல் வந்தால் மேசைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். சொல்லிவைத்தால் ஒத்துழைப்பார்கள்.

பாம்புக்கடி வேறு கதை. அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பச்சிலையில் பிழைத்தவர்கள் உண்டு என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். பிழைத்திருப்பார்கள்தான், கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே நஞ்சு இறக்காமல் கடித்திருக்கும். கட்டுவிரியன் விஷயத்தில் அப்படி நம்பியிருக்க முடியாது. தூக்கத்தில் கடிக்கும், கடித்த இடம் வலிக்காமலேகூட இருக்கும். விடிகாலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரியும், மூச்சு நிற்கும். கீறாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, அவ்வளவுதான்.

அந்த விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்று நோயாளியின் வீட்டாருக்குச் சொல்லிப் பாருங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. இந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் பிடித்த பாம்புகளிலிருந்து எடுத்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊசி மருந்து வெளியூர்க்காரன் சமாச்சாரம் என்று மிரளும் மலைவாசிப் பெரியவரிடம், "இதுல ஒங்கள மாதிரி காட்டு சனத்தோட கை இருக்குதுங்க அய்யா" என்று சொன்னால், அது பொய்யே இல்லை. நான் சொல்லியிருக்கிறேன். கையை நீட்டினார்.

அரிவாள் செல் சோகையிலும் இப்படிப் பேச்சுதான் வழி. 1952இலேயே நீலகிரி மலைமக்களிடம் கண்டறியப்பட்ட நோய். மழைக்குளிரில் கைகால் மூட்டெல்லாம் வலி பின்னியெடுக்கும். பல குடும்பங்களில் சாமிக்குற்றம் என்றே நம்பிவந்தார்கள். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ராக்சியூரியா போன்ற மாத்திரையை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஆனால் வலிக்கு என்ன செய்வீர்கள் என்று அஜ்ஜியைக் கேட்டேன். சூடான ஒத்தடம், கதகதப்பான போர்வை, நிறைய வெந்நீர் என்றார். வார்டில் நாங்கள் சொல்வதும் அதேதான். ஐஸ் வைக்கவே கூடாது. இந்த ஒரு வரி ஒத்துப்போனால் போதும், மீதிக்கு அவர் பேச்சைக் கேட்டு ஊரே பரிசோதனைக்கு வரும்.

அங்கேயும் நான் ஒரு தவறு செய்தேன். வேர் ஒன்றைக் காட்டி, "இது பேரென்ன?" என்று நோட்டை எடுத்தேன். அஜ்ஜி பேச்சை மாற்றிவிட்டார். அன்று இரவு படுத்தபோதுதான் உறைத்தது. 1987இல் அகத்தியமலையில் களைத்துப்போன ஆய்வாளர்களுக்குக் காணிக்காரப் பழங்குடியினர் ஒரு காயைத் தின்னக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. அதன் வருமானத்தில் காணிக்காரர்களுக்குப் பங்கு கொடுக்க ஓர் அறக்கட்டளை வந்தது. அந்தப் பங்கே அதிசயமாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது என்றால், பங்கு கிடைக்காமல் போனவை எத்தனை இருக்கும்? பெயர் கேட்காதீர்கள். செடியைப் பறிக்காதீர்கள். படம் எடுத்துப் பகிரவே பகிராதீர்கள்.

ஆனால் நோயாளியிடம் கட்டாயம் கேளுங்கள்: "வர்றதுக்கு முன்னால என்ன குடிச்சீங்க, எங்க பூசினீங்க?" முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். என் அம்மாவே நாட்டு மருந்துப் பொடியும் சர்க்கரை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டு, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர். திட்டுவார்கள் என்று எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. செவிலியரான மகளிடமும் சொல்லவில்லை.

அந்த மலைக்குப் போக நினைப்பவர்கள் கேந்திரத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் புலிகள் காப்பகம், இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. வெளிச்சத்தில் ஏறி வெளிச்சத்தில் இறங்குங்கள்.

போன மாதம் ஒரு நள்ளிரவில் என்னிடம் பயிற்சி பெற்ற பெண் போன் செய்தாள். "அக்கா, மேசையில படுக்கமாட்டேங்குறாங்க." துடிப்பு எவ்வளவு என்று கேட்டேன். 140 என்றாள். "கீழ விரிப்பப் போடு. நீயும் பக்கத்துல குந்திக்க." விடியும்வரை நான் தூங்கவில்லை. ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது: பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம்.