மெட்ரோவில் ஒரு சங்கீதம்

வைட்ஃபீல்ட் (காடுகோடி), பெங்களூரு மெட்ரோ ஊதா வழித்தடத்தின் முனை நிலையம். வண்டி புறப்படுவதே இங்கிருந்துதான் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். அந்தப் பயண நேரத்தை வேதத்துக்குக் கொடுங்கள். சங்கீதம் 119-இல் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி போதும். செல்போனில் வாசித்தால் ஆபீஸ் மெசேஜ் குறுக்கே வரும். கையடக்க வேதாகமமே நல்லது. மனதில் தைத்த வசனத்தைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் தேதி போடுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அரிக்கும் நாட்களில் வரிசையை விட்டுவிட்டு சங்கீதம் 13-க்குப் போங்கள். ஆறே வசனம். இன்னும் எத்தனை காலம் என்று தாவீது கேட்டுக் கேட்டுப் புலம்புகிறார். கடைசியில் கர்த்தரை நம்பிப் பாடுகிறார். புலம்பலும் ஜெபம்தான். உங்கள் பயத்தையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலையே தொடங்குங்கள்.